மைனஸ் நாற்பது காட்டிய பெட்டி

திருவொற்றியூர் நெடுஞ்சாலையோரம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த பீம்ராவுக்கு வாய் பெரிது. எந்த வண்டி வந்தாலும் பானெட்டைத் திறந்து காதைச் சாய்த்து, "இன்னா நைனா, தொண்ட கட்டிகிச்சா?" என்று இஞ்சினையே விசாரிப்பார். முக்கால்வாசி நேரம் இஞ்சினும் உண்மையைச் சொல்லிவிடும். ராயபுரத்து நர்ஸ் டோரதிக்கு அந்தப் பழைய காரைப் பொறுக்கிக் கொடுத்ததும் அவர்தான். "கண்ண மூடிகினு வாங்கு சிஸ்டர். அஞ்சு வருசத்துக்கு நான் கேரண்டி!" என்று நெஞ்சில் அடித்துச் சொல்லியிருந்தார்.

இரண்டே வருஷத்தில், 2004 கத்திரி வெயிலில், அந்த கேரண்டிக்கு வந்தது சோதனை. வண்டி இருபது நிமிஷம் நன்றாக ஓடும். சூடேறியதும் கரும்புகை கக்கும், பெட்ரோல் நாறும், அப்படியே நின்றுவிடும். அதுவும் எங்கே? டோரதி டியூட்டிக்குப் போகிற வழியில், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில். பின்னால் நிற்கிற லாரிக்காரர்கள் பேசுகிற பேச்சைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. பீம்ராவ் ஸ்பார்க் பிளக்கை மாற்றினார், பில்டரை மாற்றினார், பம்பையே மாற்றினார். ஊஹூம். டேஷ்போர்டில் இஞ்சின் கோளாறைச் சொல்லும் மஞ்சள் விளக்கு மட்டும் அணையாமல் முறைத்துக்கொண்டிருந்தது.

"பீம்ராவ், சனிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். சரியாகலன்னா திங்கக்கிழமை புதுப்பேட்டை காயலான் கடையில உடைக்கக் குடுத்துடறேன்" என்றார் டோரதி. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சாந்தமாகச் சொன்னதுதான் பீம்ராவைத் தைத்தது. வீட்டுக்குப் போயும் அதையே சொல்லிப் புலம்பினார்.

அவர் மனைவி ரமாபாய் விடுவாரா? "கம்ப்யூட்டர் வச்ச வண்டியாண்ட காத வச்சா அது இன்னா பேசும்? கோளாற காட்டற ஸ்கேனர் பொட்டி வாங்கறேன் வாங்கறேன்னு ஒரு வருசமா சொல்லிகினு கீற. போய் வாங்கினு வாய்யா!"

கையிலிருந்த காசுக்கு ஒன்றுதான் வாங்க முடியும். தப்பாகப் பொறுக்கினால் போச்சு. சனிக்கிழமை காலை டோரதியோடு அதே காரில், கார் சாமான் கடைகள் இருக்கும் யானைக்கவுனிக்குப் புறப்பட்டார். வழியில் இரண்டு தடவை நின்றது. கடைசித் தெருவில் மூட்டை தூக்குகிறவர்கள் தள்ளிக்கொண்டு போய் ஸ்கேனர் விற்கும் பாலகணேஷ் கடை வாசலில் நிறுத்தினார்கள்.

திருநெல்வேலிக்காரரான பாலகணேஷ், பளபளவென்று ஒரு ஸ்கேனரை எடுத்து வைத்தார். "புது மாடல் அண்ணே. கலர் ஸ்கிரீன். கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க."

தான் அடிக்கடி சொல்கிற வார்த்தையை அடுத்தவர் வாயில் கேட்டதும் பீம்ராவுக்குச் சுருக்கென்றது. "அண்ணாச்சி, அஞ்சு ரூவா பல்பு வாங்கினாலே எரிய வச்சுக் காட்டித்தான குடுக்கறீங்க? இத்தையும் இந்த வண்டியில மாட்டிக் காட்டுங்க."

மாட்டினால்தானே! ஸ்கேனர் ஒயரின் பிளக்கே வண்டியில் சேரவில்லை. அடுத்ததும் சேரவில்லை. புது வண்டிகளுக்கெல்லாம் ஒரே மாதிரி பிளக். இதுவோ கம்பெனிக்கு ஒரு தினுசாகப் பிளக் வைத்த காலத்து வண்டி. கடைசியில் பாலகணேஷ் பரணிலிருந்து ஒரு தடித்த பழைய பெட்டியையும், பை நிறைய பிளக்குகளையும் இறக்கினார். ஐந்தாவது பிளக் 'டக்'கென்று உட்கார்ந்தது. திரையில் எழுத்து ஓடியது. இஞ்சின் சூடு: மைனஸ் நாற்பது.

கடை வாசலே கொல்லென்று சிரித்தது. பானெட்டில் தோசை வார்க்கலாம், அப்படி ஒரு வெயில்!

"விடுங்கண்ணே, கெட்டுப்போன மிஷினு" என்று பாலகணேஷ் சங்கடப்பட்டார். "அந்தப் புதுசையே எடுத்துக்கிடுங்க. இதுக்குத் தோதா பிளக்கு வரவழைச்சுத் தாரேன்."

பீம்ராவ் அந்த மைனஸ் நாற்பதையே பார்த்து யோசித்தார். காலையில் குளிர்ந்து கிடக்கும் இஞ்சினுக்குப் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அது தொழிலின் அரிச்சுவடி. வண்டியின் கம்ப்யூட்டர் நாள் பூராவும் குளிருகிறது என்று நினைத்துக்கொண்டால்? பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். கரும்புகை! நாற்றம்!

"பொட்டி பொய் சொல்லல அண்ணாச்சி. வண்டிதான் குளுருதுன்னு நம்பிகினு கீது! சிஸ்டர், கொண்டையில ஊசி கீதா?"

டோரதி ஒரு கொண்டை ஊசியை உருவிக் கொடுத்தார். இஞ்சின் சூட்டை அளக்கும் சென்சாரின் பிளக்கைக் கழற்றி, அதன் இரண்டு துளைகளையும் ஊசியால் இணைத்தார் பீம்ராவ். மைனஸ் நாற்பது ஒரே தாவாகத் தாவி நூற்று முப்பதைத் தாண்டியது. ஆக, ஒயர் நல்லது, பெட்டி நல்லது. விரல் நீளச் சென்சார்தான் சூடேறியதும் உள்ளே தொடர்பு விட்டுப்போகிறது.

"தெர்மாமீட்டர் உடைஞ்சிருக்குன்னு சொல்லு!" என்றார் டோரதி. "அதுக்கா என் வண்டிக்கு இத்தனை ஆபரேஷன் பண்ணே?"

"தப்புதான் சிஸ்டர்" என்றார் பீம்ராவ். அந்த வார்த்தையை அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

பக்கத்துக் கடையிலேயே சென்சார் கிடைத்தது. மாட்டி முடித்து, பழைய பெட்டியைப் பையோடு வாங்கிக்கொண்டு, நேராகக் கொருக்குப்பேட்டை கேட்டுக்கு விடச் சொன்னார். நினைத்தபடியே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. எல்லோரும் இஞ்சினை அணைத்தார்கள். டோரதி அணைக்கவில்லை.

"பெட்ரோலு இன்னா தண்ணியாம்மா? ஆஃப் பண்ணு!" என்றார் பக்கத்து ஆட்டோக்காரர்.

"இன்னைக்கு ஒரு நாள் விடு நைனா" என்றார் டோரதி.

கேட் திறந்தது. புகையில்லை, நாற்றமில்லை, முதல் ஆளாகத் தண்டவாளத்தைத் தாண்டியது கார். மடியில் பெட்டியை அணைத்துக்கொண்டிருந்த பீம்ராவுக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

"இப்ப சொல்லு பீம்ராவ், இன்னும் எத்தனை வருஷம் கேரண்டி?"

வழக்கம்போல நெஞ்சில் அடிக்கப் போன கை பாதியில் நின்று, பெட்டியின்மேல் இறங்கியது.

"இத்தக் கேட்டுச் சொல்றேன் சிஸ்டர்."