மாப்பிள்ளை சொன்னால் சரி

தாத்தாவுக்கு டயாலிசிஸ் செய்யவிடாமல் தடுத்தது நான்தான் என்று உங்கள் மாமா உங்கள் இரண்டு பேரிடமும் போனில் சொல்லியிருக்கிறார். முழுக்கப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் நடந்தது முழுவதும் உங்களுக்குத் தெரியவேண்டும். பத்தாவதோடு வயரிங் வேலைக்குப் போனவன் நான், கோர்வையாக எழுத வராது. நடந்தபடி எழுதுகிறேன்.

நீங்கள் ஹாஸ்டலுக்குப் போனபிறகு, பாகூர்ப் பக்கம் இருந்த தன் வீட்டைப் பூட்டிவிட்டுத் தாத்தா சாரத்தில் நம் வீட்டுக்கே வந்து தங்கினார். வந்த கொஞ்ச நாளிலேயே கால் வீங்கியது. உடம்பெல்லாம் அரிப்பு. சோற்றைக் கண்டாலே குமட்டல். கிட்னி டாக்டர் அம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: இரண்டு கிட்னியும் கிட்டத்தட்ட நின்றுபோய்விட்டன. இரண்டு வழி இருக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது ஒன்று. மெஷின் இல்லாமல் மாத்திரை, ஊசி, சாப்பாட்டுக் கட்டுப்பாடு என்று மூச்சுத் திணறலையும் அரிப்பையும் அடக்கி, இருக்கும்வரை வீட்டிலேயே நிம்மதியாக வைத்துக்கொள்வது இன்னொன்று.

“அவருக்கு எழுபத்தெட்டு வயசு, இதயமும் பலவீனம். மெஷின்ல வெச்சா ரொம்ப நாள் கூட இருப்பாருன்னு என்னால உறுதி சொல்ல முடியாது. ரெண்டுமே வைத்தியந்தான். அவரையே கேளுங்க,” என்றார்.

நாங்கள் அவரைக் கேட்கவில்லை. உங்கள் அம்மாவும், சென்னையிலிருந்து போனில் மாமாவுமாகப் பேசி, மெஷின்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. பெற்றவரை எந்தப் பிள்ளை சும்மா விடும்?

“நாங்க சொன்னா வேணாம்பாருங்க,” என்றாள் அம்மா. “நீங்க சொல்லுங்க. உங்க வார்த்தைய அவரு தட்டமாட்டாரு.”

அதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நான் உள்ளே வந்தால் தாத்தா எழுந்து நிற்பார். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவார். ஒருமுறை அவருடைய பழைய மொபெட்டைப் பார்த்து, “இத வித்துடலாமே மாமா” என்று பேச்சுவாக்கில் சொன்னேன். மறுநாள் வண்டி இல்லை. அதன்பின் வெகுநாள் அவர் கடைத்தெருவுக்கு நடந்தே போனார். மாப்பிள்ளையிடம் ‘முடியாது’ என்று சொல்வது அந்த மனிதருக்குத் தெரியாது. அதைத் தெரிந்தேதான் என்னை அனுப்பினார்கள். தெரிந்தேதான் நானும் போனேன்.

டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். டி.வி.யை நிறுத்திவிட்டு எழுந்து நின்று கேட்டார்.

“நீங்க சொன்னா சரி மாப்பிள்ள.”

அவ்வளவுதான். அம்மா சமையலறையிலிருந்தே மாமாவுக்குப் போன் போட்டு, “அப்பா ஒத்துக்கிட்டாரு” என்றாள்.

மெஷினில் வைப்பதற்கு முன்னால் இடது கையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்யவேண்டும். ஊசி போட வசதியாக இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துவைப்பார்கள். அதற்கு நாள் குறிக்கும்முன், டயாலிசிஸ் வார்டை ஒருதடவை பார்த்துவிட்டு வரச்சொன்னார் டாக்டர். தாத்தாவை நான்தான் அழைத்துப்போனேன்.

வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மெஷின். ஓரக் கட்டிலில் வைத்திக்குப்பத்துக்காரம்மா ஒருத்தி, மீன் விற்பவள், கையில் இரண்டு குழாய்களோடு படுத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் குரல் வந்தது.

“என்னா பெருசு, பாக்க வந்தியா, படுக்க வந்தியா?”

தாத்தா சங்கடமாகச் சிரித்தார். “படுக்கத்தாம்மா. ரொம்ப வலிக்குமா?”

“ஊசி குத்தசொல்ல வலிக்கும். அப்பறம் கம்முனு கெடக்க வேண்டியதுதான். எறங்கி வூட்டுக்குப் போனா அன்னிக்குப் பூரா அடிச்சிப்போட்ட மாதிரி இருக்கும். மறுநாளு நான் மார்க்கெட்டுக்குப் போயி கத்துவேன். எனுக்குப் பொண்ணு கட்டிக்குடுக்கணும், அதனால படுக்குறேன். உனுக்கு இஷ்டந்தானா?”

தாத்தா என்னைப் பார்த்தார். “மாப்பிள்ள முடிவு பண்ணிட்டாரும்மா.”

“அடி ஆத்தே! ஊசி குத்தப்போறது உன் கையிலியா, மாப்பிள்ள கையிலியா?”

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். நர்ஸும் சிரித்தது. தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. தன் இடது கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டார். எனக்கு முகமெல்லாம் சுட்டது. வண்டியில் வரும்போது, “மாமா, உங்களுக்கு வேணாம்னா சொல்லிடுங்க” என்றேன். பின்னாலிருந்து அதே பதில்தான் வந்தது: “நீங்க சொன்னா சரி மாப்பிள்ள.”

எப்படிக் கேட்டாலும் அது நான் கேட்பதாகத்தான் இருந்தது. ‘வேணாமா?’ என்று கேட்டால் ‘வேணாம்’ என்பார். ‘வேணுமா?’ என்றால் ‘வேணும்’ என்பார். அவர் மனசில் என்ன இருக்கிறது என்று என்னால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அம்மாவிடம் சொன்னேன். “வாயத் தெறந்து ஒத்துக்கிட்டவர ஏங்க கொழப்புறீங்க?” என்று சண்டைக்கு வந்தாள். ஆபரேஷன் நாள் நெருங்க நெருங்க அவர் சாப்பாடு குறைந்துகொண்டே போனது. நோயினாலா, பயத்தினாலா என்று யாருக்குத் தெரியும்?

ஆபரேஷன் அன்றைக்குக் காலையில் முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, எங்களுக்கு முன்னால் கிளம்பி வாசலில் நின்றார். டாக்டர் அறையில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். டாக்டர் அம்மா என்னையோ உங்கள் அம்மாவையோ பார்க்கவில்லை. நேராக அவரைப் பார்த்து, “ஐயா, உங்களுக்குச் சம்மதமா?” என்றார்.

“மாப்பிள்ள சொல்லுவாரு.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ‘சம்மதம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குப் பதிலாக எழுந்துவிட்டேன். “டாக்டரம்மா, நாங்க வெளிய இருக்கோம். நாங்க இல்லாதப்ப அவர ஒருவாட்டி கேளுங்க.”

அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். நர்ஸ் கதவைச் சாத்தியது.

“நீங்க வெளிய வந்தா அவரு வேணாம்னுதான் சொல்லுவாரு. தெரியுமில்ல?”

“சொன்னா சொல்லட்டும்.”

“உங்க அப்பாவா இருந்தா இப்படி வெளிய வந்து நிப்பீங்களா?”

அவளுக்குப் போன் வந்தது, மாமாதான். எடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். அது அடித்து நின்று, மறுபடியும் அடித்தது. உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கிழவரைச் சாவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேனோ என்று திரும்பத் திரும்பத் தோன்றியது. எங்களுக்குப் பிறகு டோக்கன் வாங்கியவர்கள் எங்களை முறைத்துக்கொண்டிருந்தார்கள். கதவு திறக்கவேயில்லை.

திறந்தபோது தாத்தா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் அம்மா, “நானே சொல்லவா ஐயா?” என்று அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எங்களிடம் சொன்னார்.

“அவருக்கு மெஷின் வேணாம். பல விதமா கேட்டுப் பாத்துட்டேன். வேணாம்னா என்ன ஆகும்னும் மறைக்காம சொல்லிட்டேன். ‘மூணு நாளு இங்க, மீதி நாளு களைச்சிப்போயி படுக்கை, அப்பறம் எனக்குன்னு எந்த நாளு’ன்னு கேக்கறாரு. மூச்சு வாங்காம, அரிப்பில்லாம வெச்சிக்கிட்டா போதுமாம். அதை நாம செய்யலாம். இது கைவிடறது இல்ல. மனசு மாறினா எப்ப வேணா சொல்லட்டும். ரொம்ப முத்திட்டா மட்டும் முடியாம போகலாம்.”

தாத்தா என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “கோச்சுக்காதீங்க மாப்பிள்ள.”

அம்மா அங்கேயே உடைந்து அழுதாள்.

சாயங்காலமே மாமா சென்னையிலிருந்து வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “என்னா மச்சான் இது? உங்கள நம்பித்தான விட்டோம்? நீங்க அந்த ரூம்ல உக்காந்திருந்தா முடிஞ்சிருக்கும்.”

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளிருந்து தாத்தா குரல் கொடுத்தார். “டேய், அவர ஏன்டா கேக்குற? இங்க வா. என்னைக் கேளு.”

மாமா போய்க் கட்டிலோரம் நின்றார். “சாகப்போறேங்கிறியாப்பா?”

“ஆமாண்டா. நீ மட்டும் என்னா, பட்டா போட்டு இங்கியே இருக்கப்போறியா?”

அழுதுகொண்டிருந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமாவுக்கு வரவில்லை. சாப்பிடாமலே பஸ் ஏறிப் போனார். அவரைக் குறை சொல்லாதீர்கள். தூரத்தில் இருப்பவனுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற தவிப்பு அதிகம்.

அதற்குப் பிறகு தாத்தா கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தார். அரிப்பு அடங்கியது. இரண்டு இட்லி சாப்பிட்டார். வீராம்பட்டினம் கோயில் தேர்த் திருவிழாவுக்குப் போகவேண்டும் என்றார், போய்வந்தோம். இப்போது மூச்சு மறுபடியும் வாங்குகிறது. டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். மாமா ஞாயிற்றுக்கிழமை வந்து சென்னைக்கு அழைத்துப்போய் மெஷினில் வைக்கப்போகிறேன் என்கிறார். “நீங்க ஒரு வார்த்த சொன்னா வந்துடுவாரு மச்சான்” என்று நேற்றும் போன் செய்தார். அது உண்மை. நான் சொன்னால் தாத்தா உடனே கிளம்பிவிடுவார்.

இன்று காலை மூச்சு ரொம்ப முட்டியது. கட்டிலோரம் இரண்டு கைகளையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார். அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. அப்போது தாத்தாவே கேட்டார்:

“நீங்க என்னா சொல்றீங்க மாப்பிள்ள?”

“நான் சொல்லமாட்டேன் மாமா. நீங்க சொல்லுங்க. சென்னைன்னாலும் வண்டி கொண்டாறேன், இங்கியேன்னாலும் கூட இருக்கேன்.”

முதுகு ஏறி ஏறி இறங்கியது. அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டேயிருந்தாள்.

“இங்கியே இருக்கேன்,” என்றார். “மூச்சுக்குத் தர்ற அந்த மாத்திரைய எடுங்க.”

எடுத்துக் கொடுத்தேன். இது இன்றைய பதில். ஞாயிற்றுக்கிழமை மாமா அவரிடமே கேட்கட்டும். வேறு பதில் வந்தால் அதற்கும் வண்டி பேசிவைத்திருக்கிறேன்.