ஏழாம் வகுப்புக்கு நான் சொல்லிக்கொடுத்த புகை

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு என்று நினைவு. திருப்பூரில் மண்ணரைப் பக்கம் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். சொந்த ஊர் தாராபுரம். முதல் வேலை என்பதால் ஹாஸ்டலில் தங்கி, ஊர் பழகிக்கொண்டிருந்த நேரம்.

ஏழாம் வகுப்புக்குத் துணைப்பாடமாக ஒரு நாவல். படகு கவிழ்ந்து, ஆளில்லாத தீவில் ஒதுங்கும் ஒரு பையன் தன்னந்தனியாக உயிர் பிழைக்கும் கதை. அதை நான் நடத்திய விதத்தில் எனக்குக் கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. அவன் தேங்காய் உடைப்பதையும் கல்லை உரசி நெருப்பு மூட்டுவதையும் நடித்தே காட்டுவேன். கடைசி பெஞ்சுகூடத் தூங்காது.

கப்பல்காரர்கள் கண்ணில் படுவதற்காக அவன் கரையில் புகை போடும் அத்தியாயம் முடிந்த அன்று ஒரு கேள்வி கொடுத்தேன். ‘நீ தனியாக மாட்டிக்கொண்டால் என்ன செய்வாய்?’ எல்லோரும் புத்தகத்தில் இருந்ததையே திருப்பி எழுதியிருந்தார்கள். ஒரு பெண் மட்டும், ‘கதவைத் தட்ட மாட்டேன், சத்தம் போட மாட்டேன், அம்மா வரும்வரை பேசாமல் உட்கார்ந்திருப்பேன்’ என்று எழுதியிருந்தாள். தீவில் ஏது கதவு? புது டீச்சர் கையில் சிவப்புப் பேனா கிடைத்தால் கேட்க வேண்டுமா! வகுப்பு முழுவதும் கேட்கும்படி அதைப் படித்துக் காட்டினேன்.

“இப்படி உட்கார்ந்திருந்தா அந்தப் பையனோட எலும்புதான் கிடைச்சிருக்கும். புகை போட்டாத்தான் நாலு பேர் வருவாங்க” என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

அந்த வாரம் சனிக்கிழமை. பள்ளி மதியத்தோடு முடிந்துவிட்டது. நோட்டு திருத்திவிட்டு மூன்று மணிக்கு மேல் கிளம்பினேன். பள்ளிக்குப் பின்னால் வரிசையாக ஒற்றை அறை லைன் வீடுகள், அதை ஒட்டிப் பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் கம்பெனி. அந்த வழியாகத்தான் பஸ் ஸ்டாப்புக்குப் போக வேண்டும். மூன்றாவது வீட்டு ஜன்னலிலிருந்து வெள்ளையாகப் புகை வந்துகொண்டிருந்தது. டீக்கடைக்காரர் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். நானும் ஓடினேன்.

எல்லா வீட்டுக் கதவிலும் பூட்டு. ஏற்றுமதிச் சரக்கு போகும் ஷிப்மெண்ட் நேரம், லைனில் இருந்த எல்லோரும் பனியன் கம்பெனிகளில் இருந்தார்கள்.

“பூட்டியிருக்குதுங்க, உள்ள ஆளில்ல போல” என்றார் டீக்கடைக்காரர்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல், இருமிக்கொண்டே, “மிஸ்!” என்றது.

கதவுக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாக என் செருப்பைப் பார்த்திருக்கிறாள். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது, ‘கதவைத் தட்ட மாட்டேன்’ என்று எழுதிய அந்தப் பெண். ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது அந்தக் குழந்தையைப் பற்றிய பயம் இல்லை. ‘யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்பார்களே’ என்பதுதான். அடுத்த நொடியே அதற்காக என்னை நானே காறித் துப்பிக்கொண்டேன்.

“தம்பி கண்ணு சொருகிக் கெடக்கறான் மிஸ், சீக்கிரம் வாங்க மிஸ்!”

சாவி அவள் அம்மாவிடம். அம்மா எந்தக் கம்பெனி என்று டீக்கடைக்காரருக்குத் தெரியவில்லை, அவளைக் கேட்டு ஆளனுப்ப நேரமும் இல்லை. கல்லை எடுத்துப் பூட்டில் போட்டார், அசையவில்லை. நான் வாங்கிப் போட்டேன், விரல்தான் நசுங்கியது. ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தால் புகைக்கு நடுவே பனியன் துணி மூட்டைகள் தெரிந்தன. பிசிறு வெட்டிக் கொடுப்பதற்காக வீட்டுக்கு எடுத்து வந்த பீஸ்கள். ஒரு பொறி பட்டால் போதும். நான் என்ன கத்தினேன் என்று இன்றும் ஞாபகமில்லை. நிட்டிங் கம்பெனிக்குள் ஓடிய டீக்கடைக்காரர் ஓர் இரும்புக் கம்பியோடும் இரண்டு வடநாட்டுப் பையன்களோடும் திரும்பி வந்தார். மூன்று பேரும் சேர்ந்து நெம்பியதில் பூட்டு மாட்டியிருந்த கொண்டி பிய்ந்து வந்தது.

உள்ளே நான் நினைத்தது போல் எதுவும் எரியவில்லை. மூட்டைகளையெல்லாம் ஜன்னலிலிருந்து எட்டத்தில், எதிர்ச் சுவரோரம் இழுத்துப் போட்டு, குடத்துத் தண்ணீரை அவற்றின் மேலும் தரையிலும் ஊற்றியிருந்தாள். ஜன்னல் திண்டில் ஓர் இரும்புச் சட்டி. அதில் பனியன் வேஸ்ட் துணியைக் கொளுத்தி, தீ எழும்பாமல் புகை மட்டும் வரும்படி ஈரத்துணி போட்டிருந்தாள். தம்பியைக் கதவோரம் இடுக்குக் காற்று முகத்தில் படும்படி கிடத்தி, அம்மாவின் சேலை ஒன்றை நனைத்துப் போர்த்தியிருந்தாள். மூன்று வயசுக் குழந்தை. உடம்பு நெருப்பாய்க் கொதிக்க, பல்லைக் கடித்துக்கொண்டு வலிப்பில் வெட்டி வெட்டி இழுத்தது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் அவள் சொன்னாள். இழுப்பு வந்ததும் முதலில் சத்தமே போடவில்லையாம். சத்தம் போடக்கூடாது என்பது அம்மா சொல். பிறகு பயந்துபோய்க் கத்தினாளாம். பக்கத்து மெஷின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. “அப்புறந்தான் மிஸ் நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு” என்றாள். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை.

ஊசி போட்டு இழுப்பு நிற்கும்வரை டாக்டர் எங்களிடம் பேசவில்லை. நின்ற பிறகு, “கொஞ்சம் லேட்டாகியிருந்தா கஷ்டம்மா” என்று மட்டும் சொன்னார்.

ஒரு மணி நேரம் கழித்து, டீக்கடைக்காரர் தேடிப்பிடித்துச் சொல்லி, தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு அம்மாக்காரி ஓடி வந்தார். மகனைத் தொட்டுப் பார்த்தார், மகளை அறைந்தார், உடனே அவளையே கட்டிக்கொண்டு அழுதார். விஷயம் தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க சொல்லிக்குடுத்ததுதானுங்க என்ற பையனைக் காப்பாத்துச்சு” என்றார். நான் சொல்லிக்கொடுத்தது கடற்கரையில் போட்ட புகை. பூட்டிய ஒற்றை அறையில், துணி மூட்டைகளுக்கு நடுவே, எரித்துவிடாமல் புகை போடுவது எப்படி என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் சொன்னதை அப்படியே செய்திருந்தால் இரண்டு பிள்ளைகளும் போயிருப்பார்கள்.

தினமும் பள்ளி விட்டதும் தம்பியைப் பக்கத்துப் பால்வாடியிலிருந்து கூட்டி வருவாளாம். அம்மா டீ டைமில் ஓடிவந்து இரண்டு பேரையும் உள்ளே விட்டுப் பூட்டிவிட்டு மறுபடி வேலைக்குப் போவாராம். சனிக்கிழமையென்றால் மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே பூட்டிவிடுவாராம். இரவு எட்டு மணிக்குத்தான் கதவு திறக்கும். அந்த லைனில் பாதி வீட்டில் இதுதான் வழக்கமாம். நான் படித்துக்காட்டிச் சிரிக்கவைத்தது அவளுடைய ஒவ்வொரு சாயங்காலத்தையும்தான்.

“மிஸ்கிட்ட மன்னிப்புக் கேட்கணும்னு இருந்தேன்மா, அவங்க சொல்லாத ஈரத்துணியை நானாச் சேர்த்துட்டேன்” என்று அம்மாவிடம் சொன்னாள் அவள். அங்கேயே, அத்தனை பேர் முன்னால், நான்தான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை.

கிளம்பும்போது அம்மாக்காரியிடம், “இனிமே பிள்ளைகளைப் பூட்டிட்டுப் போகாதீங்க” என்றேன். அவர் கோபப்படவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“பூட்டாம உட்டுட்டுப் போனா ஆருங்க பாத்துக்குவாங்க, மிஸ்?”

எத்தனையோ வகுப்புகளுக்கு எத்தனையோ கேள்விகள் கொடுத்துத் திருத்திவிட்டேன். அன்றைக்கு என்னிடம் கேட்கப்பட்ட அந்த ஒரு கேள்விக்கு இன்றுவரை என்னால் விடை எழுத முடியவில்லை.