வெளிநாட்டு இறால்

கடப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் இறால் பண்ணை இருந்தது. இறால் குழம்பு மட்டும் இருந்ததில்லை. இறால் வெளிநாட்டுக்காரர்கள் தின்பதற்கென்று வளர்ப்பது. அம்மாவின் தம்பியான என் மாமா, கழிமுகத்தை ஒட்டிய இரண்டு குட்டைகளைக் குத்தகைக்கு எடுத்துப் பெற்ற பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொண்டார். நாங்கள் நெத்திலி தின்று வளர்ந்தோம்.

மாமாவுக்கும் பக்கத்து வயல்காரருக்கும் ஆகாது. குட்டையின் உப்புத் தண்ணீர் கசிந்து அவர் நெல் கருகியது. அவர் மகளும் நானும் ஐந்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. நாங்கள் பேசிக்கொள்ளக்கூடாது என்று இரண்டு வீட்டிலும் உத்தரவு. உத்தரவை மீறாத நல்ல பிள்ளைகளாக, பெஞ்சுக்கு அடியில் கையைக் கோத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்போம்.

அந்த வருஷம் எங்கோ இரண்டு நாடுகளுக்குள் சண்டை மூண்டது. எந்த நாடுகள் என்று சொன்னால் என் வயதைக் கணக்குப் போட்டுவிடுவீர்கள், வேண்டாம். அவர்கள் அடித்துக்கொண்டால் நமக்கென்ன என்று மாமா டிவியை அணைத்துவிட்டார். அவர் கவலை அமாவாசையைப் பற்றியது. அமாவாசையை ஒட்டி இறால் ஓடு மாற்றும். ஓடு மெத்தென்று இருந்தால், வாங்கிக் கப்பலேற்றும் கம்பெனிக்காரர்கள் தொடமாட்டார்கள். ஆகவே நான்கு நாள் முன்னதாக, நல்ல நேரம் பார்த்து, விடியற்காலையில் மதகைத் திறந்து குட்டைகளை வடித்து, மொத்த இறாலையும் கரையேற்றிவிட்டார். கம்பெனிக்கு போன் போட்டது அதற்குப் பிறகுதான். போன் போட்டுக்கொண்டிருந்தால் நல்ல நேரம் தப்பிவிடுமே.

கப்பல் போகவில்லை, லாரி வராது என்று பதில் வந்தது.

மாமா அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். இருந்த ஐஸ் சாயங்காலம் வரை தாங்கும். அதற்குள் இறால் விலைபோகவில்லையென்றால் ஐந்து மாத உழைப்பைக் குழி தோண்டிப் புதைக்க வேண்டியதுதான். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. கப்பலையே நிறுத்துகிற சண்டை எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டதே! வரப்பில் நின்ற தோழியிடம் ஓடினேன்.

"வெளிநாட்டு சண்ட எங்க குட்டைக்கு வந்துட்ச்சி. லாரியே வராதாம்" என்று பெருமையடித்தேன்.

அவள் அப்பா பின்னால் நின்று கேட்டதை நான் கவனிக்கவில்லை. சற்று நேரத்தில் அவருடைய டெம்போ எங்கள் கரையில் வந்து நின்றது. வம்புக்குத்தான் வருகிறார் என்று மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"இன்னாய்யா பாத்துகினு கீற? ஏத்து. படாளத்துல என் மாமியார் வூடு கீது. அங்க இப்ப அறுப்பு. டப்பு இருக்காது, நெல்லு இருக்கும்."

மாமா முழித்தார். "உனுக்கு இன்னா வேணும் அண்ணாத்த?"

"என் வயலு ஓரமா வாய்க்கா வெட்டிக் குடு. உப்புத் தண்ணி அதுல போவட்டும்."

"வெட்டித் தரேன்" என்றார் மாமா. முதல் ஐஸ் பெட்டியை அவரே தூக்கி டெம்போவில் வைத்தார்.

டெம்போவில் ஐஸ் பெட்டிகளின் மேல் நானும் அவளும். ஜி.எஸ்.டி. ரோட்டில் போன பஸ்ஸுக்கெல்லாம் கையசைத்தோம். அதுவரை சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் கத்திக் கத்திப் பேசித் தீர்த்தோம். படாளத்தில் மரக்கால் நெல்லுக்கு ஒரு முறம் இறால். பெண்கள் முறமும் கையுமாக முண்டியடித்தார்கள். "இன்னா இம்மாம் பெருசா கீது?" என்றாள் ஒருத்தி. "வெள்ளக்காரன் துன்றதுமா" என்று மாமா சொன்னதும் இன்னொரு முறம் கேட்டாள். மத்தியானம் தோழியின் அத்தை மிளகு போட்டு வறுத்துக் கொடுத்தாள். இறால் இத்தனை ருசி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரே தட்டில் தின்றோம். நெல் மூட்டைகளின் மேல் தூங்கிக்கொண்டே ஊர் திரும்பினோம்.

மறுநாளே மாமாவும் வயல்காரரும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கினார்கள். எங்கள் மேல் இருந்த உத்தரவு தானாகக் காலாவதியானது. பெஞ்சுக்கு மேலேயே கை கோத்துக்கொண்டோம்.

பிறகு அங்கே சண்டை ஓய்ந்தது. கப்பல் கிளம்பியது, கம்பெனி லாரி வந்தது, மாமாவுக்கு மண்வெட்டி பிடிக்க நேரமில்லாமல் போனது. பாதி வெட்டிய வாய்க்கால் பாதியிலேயே நின்றது. அடுத்த நடவில் நெல் மறுபடி கருகியது. பழைய உத்தரவு திரும்ப வந்தது, எங்கள் கைகள் பெஞ்சுக்கு அடியில் போயின.

கங்கையம்மன் கோயிலில் இருவரும் ஆளுக்கொரு கற்பூரம் ஏற்றி வேண்டிக்கொண்டோம்: இன்னொரு சண்டை வரவேண்டும், பெரிதாக வரவேண்டும்.

அம்மன் கைவிடவில்லை. ஆறாம் வகுப்பில் ஒரு நாள் வாத்தியார் பேப்பரைப் பிரித்து, வேறெங்கோ குண்டு போட்டிருக்கிறார்கள் என்று படித்தார். பெஞ்சுக்கு அடியில் அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அந்தக் குண்டு யார் வீட்டின் மேல் விழுந்தது என்று வாத்தியாரிடம் கேட்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.