ஸ்டெபிலைசருக்குள் ஒரு குதிரை

வாங்கியவர் படிக்காத புத்தகத்தை எழுதுவது என் தொழில். தாம்பரம் பக்கம் ஸ்டெபிலைசர் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில், பெட்டிக்குள் வைக்கும் கையேட்டின் தமிழ்ப் பக்கம் என்னுடையது. பகலில் வாடிக்கையாளர் போனையும் எடுப்பேன். விளக்கு மங்கி, மின்விசிறி முனகும் வீடுகளில் வாழும் உங்களுக்கு அந்தப் பெட்டியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

டக்

வோல்டேஜ் குறையும்போதெல்லாம் பெட்டி 'டக்' என்கிறது. கெட்டுவிட்டது என்று பலர் திருப்பிக் கொண்டுவந்தார்கள். எஞ்சினியர் குமரேசன் என் மேஜைக்கு வந்தார்.

"அது ரிலே சத்தம், வோல்டேஜை ஏத்த உள்ள சுவிட்ச் மாறுது, பயப்படாதீங்கன்னு தமிழ்ல ஒரு லைன் போடுங்க மேடம். அப்பவும் பாக்ஸ் திரும்பி வந்தா, அடுத்த பிரிண்ட்ல தமிழ்ப் பக்கம் கட்."

எழுபத்தொரு வயதில் எனக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு பக்கம்தான்.

பழைய பிரெஞ்சு

அகராதியைப் பார்த்தேன். நெடும்பயணத்தில் வழியில் மாற்றுவதற்காக நிறுத்திவைத்த புதுக் குதிரைகளுக்குப் பழைய பிரெஞ்சில் ரிலே என்று பெயர். பிறகு தந்திக்காரர்கள், தூரத்தில் தேய்ந்துபோன செய்தியைப் புது மின்சாரத்தில் ஏற்றி அனுப்பும் கருவிக்கு அதே பெயரை வைத்தார்கள். நான் எழுதினேன்: 'டக் என்று கேட்டால் அஞ்ச வேண்டாம். களைத்த குதிரையை அவிழ்த்து, வேறு குதிரை பூட்டுகிறோம்.'

குமரேசன் இரண்டு முறை படித்தார். அச்சுக்கு அவசரம், அதனால் விட்டுவிட்டார்.

"மேடம், நாம விக்கிறது ஸ்டெபிலைசர்."

கணக்கு வாத்தியார்

புதுக் கையேடு பெட்டியோடு போன மாதம், ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஒரு ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் காலையிலேயே கூப்பிட்டார். பெட்டியைத் திருப்பித் தரப்போகிறார் என்று நினைத்தேன்.

"அம்மா, நேத்து சாயங்காலம் மட்டும் பதினோரு குதிரை மாத்தியிருக்கு. உங்க பெட்டி நல்லாத்தான் இருக்கு, எங்க தெரு கரண்டுதான் சரியில்ல."

கேளம்பாக்கம்

அடுத்த வாரம் மத்தியானம் ஒரு பெண் பதறிப் பேசினாள். "அக்கா, லைட்டு மங்கிகினு கீது, ஃபேன் நின்னு நின்னு சுத்துது. ஆனா குதிரை மாறவே இல்லக்கா! ஃபிரிட்ஜ் உறுமுது. உள்ள எங்கம்மாவோட சுகர் ஊசி கீது."

குமரேசன் போனை வாங்கி, உடனே ஃபிரிட்ஜை அணைக்கச் சொன்னார். ஊசி மருந்து பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜுக்குப் போனது. அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்த ரிலேயைக் குமரேசனே போய்ச் சாயங்காலம் மாற்றினார். ஃபிரிட்ஜ் பிழைத்தது.

குமரேசன் திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"சத்தம் கேட்டு கூப்பிட்டவங்க நூறு பேரு மேடம். சத்தம் கேக்கலன்னு கூப்பிட்டது இவங்கதான் முதல் ஆளு. பக்கம் இருக்கட்டும்."

இப்போது சர்வீஸ் ரிஜிஸ்டரில் 'குதிரை மாறவில்லை' என்று குமரேசன் எழுதுகிறார், பக்கத்தில் 'ரிலே' என்று நான்தான் திருத்தி வைக்கிறேன்.