துப்பாக்கி இருக்கிறது என்று சொன்னேன்

ஆம்பூரில் என் வீட்டு மாடியை வாடகைக்குப் பார்க்க வந்த தம்பதியிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்.

"நம்ம வீட்ல துப்பாக்கி இருக்குதும்மா. வாடகை லேட்டானா மட்டும்தான் வெளிய எடுப்பேன்."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதிரே இருப்பவர் சிரித்தால் கூடச் சேர்ந்துகொள்வது எனக்குப் பிறவி வியாதி. ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. தையல் கோணலென்று ஒரு ஜோடியை ஒதுக்கி வைத்தால்கூட, தைத்த பெண்கள் என் முகத்தைப் பார்த்து, நிஜமாகவா என்று கேட்டுவிட்டுத்தான் பிரிப்பார்கள்.

துப்பாக்கி நிஜம். அப்பாவுடையது, ஒற்றைக்குழல். ஆலங்காயம் பக்கம் காட்டை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் வேர்க்கடலை நிலம் இருக்கிறது. காட்டுப்பன்றிக்காக அப்பா வாங்கிய லைசென்ஸ், அவருக்குப் பிறகு என் பெயருக்கு வந்தது. நானும் சில தடவை சுட்டிருக்கிறேன். பன்றிகள் நிதானமாகச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் போயின.

இதை முன்பின் தெரியாதவர்களிடம் எப்படிச் சொல்வது? முன்பு வீடு பார்க்க வந்த ஒரு குடும்பத்திடம் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். இன்னொருவர் குடிவந்த வாரமே தோஸ்துகளைக் கூட்டிவந்து, எடுத்துக் காட்டச் சொல்லிப் பேஜார் பண்ணினார். சொல்லாமல் விடவும் மனசு ஒப்பவில்லை. அதனால்தான் இந்த நடுவழி. சொன்னதாகவும் ஆயிற்று, யாரும் பயப்படவும் இல்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மனைவி காலமான பிறகு கீழ்வீட்டில் நான் மட்டும்தான். பெங்களூரில் இருக்கும் மகன் பண்டிகைக்குப் பண்டிகை போன் செய்வான். மாடிக்கு வந்தவர்களின் நாலு வயசுப் பெண் காலையில் தட்டோடு கீழே இறங்கி வந்துவிடும். எனக்கு ஒரு வாய் இட்லி, பொம்மைக்கு ஒரு வாய். தாத்தா என்று கூப்பிட்டது. தலைக்குச் சாயம் அடித்தும் பயனில்லை, மன்னித்துவிட்டேன். சாப்பிட்டதும் கண்ணாமூச்சி. அது ஒளிகிற இடம் எப்போதும் ஒன்றுதான், என் படுக்கையறைப் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கு. துப்பாக்கி அந்தப் பீரோவுக்குள் இருந்தது. பூட்டியிருந்தது, சாவி என் இடுப்பில், தோட்டா வேறு அறையில். ஆனாலும் அதே பீரோதான்.

தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம். இந்தத் தடவை காய்ச்சலில் படுத்துவிட்டேன். நினைவுபடுத்த வந்த போலீஸ்காரர் தெருப் பக்கத்துப் படியில் நேராக மாடிக்கு ஏறி, துப்பாக்கி வைத்திருப்பவர் வீடு இதுதானே என்று கேட்டிருக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் புருஷனும் பெண்டாட்டியும் கீழே வந்தார்கள்.

"அங்கிள், நெஜமாவே வெச்சிருக்கீங்களா?" என்றாள் அவள்.

"முதல் நாளே சொன்னேனேம்மா."

"காமெடிக்கு சொல்றீங்கன்னு நெனச்சோம். எங்க இருக்குது?"

பீரோவில் என்றேன். பூட்டு, சாவி, தோட்டா எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் காதில் வாங்கின மாதிரி தெரியவில்லை.

"பாப்பா எங்க போயி ஒளிஞ்சிக்கும்னு உங்களுக்குத் தெரியும்ல?"

காய்ச்சலோடு எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்தேன்.

துப்பாக்கியைப் பழைய போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன். கிரிக்கெட் மட்டையா என்று டிரைவர் கேட்டார். ஆமாம் என்றேன். உண்மையைச் சொன்ன இடத்தில் யாரும் நம்பவில்லை, இந்தப் பொய்யை அவர் உடனே நம்பினார்.

மறுநாள் குழந்தை வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மேலே அது ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. ஒருவர் சாப்பிடுகிற சத்தம் ஒரு வீட்டில் இவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று எனக்குத் தெரியாது.

தேர்தல் முடிந்ததும் மாடிக்குப் போனேன். துப்பாக்கியைத் திரும்ப வாங்கப் போவதில்லை, லைசென்ஸையே ஒப்படைக்கத் திருப்பத்தூர் கலெக்டர் ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டேன், பன்றிகள் கடலையை நிம்மதியாகத் தின்னட்டும் என்றேன். கடைசி வரியைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் சமாளித்திருப்பேன்.

"நீங்க நல்லவர்தான் அங்கிள். ஆனா நீங்க சொல்றதுல எது நெஜம், எது வெளாட்டுன்னு எனக்குத் தெரில. இதையும் எப்டி எடுத்துக்கறது?"

எழுதிக் கொடுத்த காகிதத்தின் நகலைக் கொண்டுவந்து காட்டலாம் என்று தோன்றியது. அவள் கேட்டது காகிதத்தைப் பற்றி இல்லை என்பதும் புரிந்தது. இறங்கி வந்துவிட்டேன்.

வேறு வீடு பார்த்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாமானெல்லாம் வண்டியில் ஏறிற்று. குழந்தை என்னிடம் ஓடி வந்தது.

"தாத்தா, நீயும் வர்றியா?"

என்னை மூட்டைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு போ என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதன் அம்மா வண்டிப் பக்கத்திலிருந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் சொல்லப்போவது எந்த ரகம் என்று கண்டுபிடிக்கிற மாதிரி. விழுங்கிவிட்டேன். ஒன்றுமே சொல்லாமல் நின்றேன்.

நான் வாயை மூடிக்கொண்டு நின்றது அவளுக்கு இன்னும் பயமாக இருந்ததோ என்னவோ. விறுவிறுவென்று வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.