அவளுக்குக் கிடைத்த கடன்

இங்கிலாந்தில் ஒரே பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்க, தோழிகளான எங்கள் இருவருக்கும் ஒரே வாரத்தில் அனுமதி வந்தது. பெரம்பலூரில் என்னோடு இன்ஜினியரிங் படித்தவள் அவள். நான்கு வருடமும் ஒரே பெஞ்ச். மதிப்பெண்ணில் எப்போதும் அவளைவிட நான் ஒரு படி மேல்.

கல்விக் கட்டணம், விசா, அங்கே தங்கும் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்ததும் இரண்டு வீட்டிலும் மலைத்துப்போனார்கள். லோன் இல்லாமல் முடியாது. அப்பாவுக்குக் குரும்பலூரில் நாலு ஏக்கர். மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுவார். பத்திரத்தை எடுத்துக்கொண்டு நானும் அவரும் வங்கிக்குப் போனோம். மேலாளர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"விவசாய நெலத்த எஜுகேஷன் லோனுக்கு அடமானமா எடுத்துக்க மாட்டோம்ங்க. டவுன்ல வூடு, பிளாட்டு எதுனா இருந்தா சொல்லுங்க."

"தண்ணி உள்ள நெலம் சார். கெணறு வத்துனதே இல்ல," என்றார் அப்பா, நிலம் வாங்க வந்தவரிடம் சொல்வதுபோல.

"இருக்கலாம்ங்க. எங்க ரூல்ல அதுக்கு எடமில்ல."

அவளுடைய அப்பா டவுனில் உரக்கடை வைத்திருந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சொந்த மாடி வீடு. அதே வங்கி, அதே மேலாளர்; அவளுக்குக் கடன் கிடைத்துவிட்டது. அந்த வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன். அதுவரை அது எனக்கு வெறும் வீடுதான். பிறகு அந்தப் பக்கம் போனாலே வயிறு எரிந்தது. பெயின்ட் காணாத பின்சுவர், விரிசல் விட்ட சன்ஷேட். அந்தச் சுவருக்கு இருந்த மதிப்பு எங்கள் கிணற்றுக்கு இல்லையே என்று நினைப்பேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பெட்டி கட்ட என்னையும் கூப்பிட்டாள். அம்மா எங்கள் வயல் வெங்காயத்தில் போட்ட வடகத்தை ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டிருந்தாள். எடை பார்த்தபோது பெட்டி விமானத்துக்கு அனுமதித்த அளவைத் தாண்டியது. அவள் தன் சுடிதார் ஒன்றை எடுத்து வெளியே போட்டுவிட்டு வடகத்தை உள்ளே வைத்தாள். வயலில் விளைந்தது இங்கிலாந்து போயிற்று. நான் அரியலூரில் ஒரு சிமென்ட் ஆலையின் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன்.

வீடியோ காலில் முதலில் பனியைக் காட்டினாள், பிறகு நூலகத்தை. கொஞ்ச நாளில் அழ ஆரம்பித்தாள். ஒரு உணவகத்தில் தட்டுக் கழுவுகிறாளாம். வாடகைக்கே அது போதவில்லையாம். கை வெடித்திருந்தது, கேமராவுக்கு நேரே நீட்டினாள்.

"நீ வராததே நல்லதுடி," என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. வராதது நான் எடுத்த முடிவா என்ன? ஆலையிலிருந்து வந்து தலையில் படிந்த தூசியை அலசிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் அழுதது பொய்யில்லை. ஆனாலும் அவளுக்குப் பின்னால் தெரிந்த சன்னலையும், அதற்கு அப்பால் போன சிவப்புப் பஸ்ஸையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படிப்பு முடிந்தும் அங்கே வேலை அமையவில்லை. விசாவுக்குப் பொறுப்பேற்க எந்தக் கம்பெனியும் முன்வரவில்லை என்றாள். விசா முடிந்ததும் திரும்பி வந்தாள். வந்து சேர்ந்த இடம் என் ஆலைதான், வேறு பிரிவில். சம்பளம் என்னைவிடக் கொஞ்சம் கூடுதல். காலையில் பெரம்பலூரிலிருந்து ஒரே பஸ்ஸில் போகிறோம்.

ஒருநாள் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது.

"சம்பளத்துல பாதிக்கு மேல லோனுக்குப் போயிடுதுடி," என்றாள். "மாடிய வாடகைக்கு வுட்டுட்டு எல்லாரும் கீழ வந்துட்டோம். அப்பா மொகத்தப் பாக்கவே முடியல. ஒனக்கு இந்தத் தொல்ல இல்ல. நிம்மதியா இருக்க."

"அந்தத் தொல்லய எங்கிட்டக் குடுத்துடு," என்றேன். "லோனையும் சேத்து நானே கட்றேன். நீ அங்க இருந்துட்டு வந்தத மட்டும் எனக்குக் குடுத்துடு."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"வெளாட்டுக்குத்தான சொல்ற?"

"இல்லடி. நெஜமாத்தான்."

சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, போனில் ஒருநாளும் சொல்லாததைச் சொல்லத் தொடங்கினாள். கோடையில் அங்கே பத்து மணி வரை வெளிச்சம் இருக்குமாம். வேலை முடிந்து தனியாகக் கடற்கரைச் சாலையில் நடந்து வருவாளாம். எங்கே போகிறாய், யார் பெண் என்று ஒருவரும் கேட்க மாட்டார்களாம். ஒருமுறை ரயில் மாறி ஏறி, எந்த ஊர் என்றே தெரியாத ஸ்டேஷனில் இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றாளாம்.

"பயமா இல்லயா?"

"இல்லடி. ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. ஏன்னு தெரியல."

கேட்கக் கேட்க எனக்கு எரிந்தது. கூட்டத்தில் யாரோ என் தோளில் பையை இடித்துக்கொண்டு போனார்கள். நான் அவள் பக்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்து, "அப்புறம்?" என்றேன்.