ஆனையூரில் நான் போட்ட டைமர்

மாடித்தோட்டம் போட்டுக் கொடுப்பவனை யாரும் சந்தோஷமான நாளில் கூப்பிடுவதில்லை. வீட்டில் ஒருவர் படுக்கையில் விழுவார். பார்த்துக்கொள்கிறவர் முகம் கறுத்துப்போகும். ‘நாலு தொட்டி வை, மனசு லேசாகும்’ என்று யாராவது சொல்வார்கள். எனக்கு போன் வரும். எங்கப்பாவை மூன்று வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்தவன் நான். உங்களுக்கும் அந்த அலுப்பு தெரிந்திருந்தால், என் முட்டாள்தனங்களை உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை.

தல்லாகுளத்துத் தக்காளி

முருகேசன் தல்லாகுளத்தில் ஓர் ஆபீஸில் கிளார்க். ஞாபகம் தப்பிப்போன அம்மாவைத் தனி ஆளாகப் பார்த்துக்கொள்கிறவர். பத்துப் பைகளில் தக்காளி நாற்று நட்டுக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் எல்லாம் போய்விட்டது என்றார். மறுபடி நட்டேன். மறுபடியும் போனது. மூன்றாம் தடவை எனக்குக் கோபம் வந்துவிட்டது. தண்ணீர் ஊற்றக்கூட உடம்பு வணங்காதவருக்குத் தோட்டம் எதற்கு என்று முகத்துக்கு நேராகவே கேட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

அவர் என்னை மாடிக்குக் கூட்டிப்போனார். அங்கே அம்மா குத்தவைத்து உட்கார்ந்து, என் நாற்றுகளைப் பிடுங்கி, மண்ணை உதறி, வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். திருமங்கலம் பக்கம் ஊரார் வயலில் காலமெல்லாம் களையெடுத்த கை அது. நான் அப்போதும் அடங்கவில்லை. கம்பி வலை அடித்தால் செடி பிழைக்கும் என்று யோசனை சொன்னேன். முருகேசன் சொன்னார்: “வேணாம்ணே. இதப் பிடுங்குறப்பதான் எங்கம்மா என்னையப் பேரு சொல்லிக் கூப்புடுது. வாரம் பத்து நாத்து மட்டும் குடுங்க.”

தானாகச் சொட்டும் தண்ணீர்

அதிலிருந்தாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆனையூரில் தங்கராசு என்று ஒரு லாரி டிரைவர். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் திரும்பியிருந்தது. மனைவி செல்வராணிதான் எல்லாம். “மாடியில முப்பது தொட்டிக்கும் அவதான் ஏறி எறங்குறா. அவளுக்கு ஒரு வேலையாச்சும் குறையணும்ணே” என்று போனில் கேட்டார். நல்ல மனுஷன் என்று உருகிப்போய், அன்றைக்கே குழாய் இழுத்து டைமர் மாட்டினேன். காலை ஆறு, மாலை ஐந்து. தண்ணீர் தானாகச் சொட்டும். செல்வராணி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து உரம் போடப் போனேன். கத்திரியும் வெண்டையும் அப்படிக் காய்த்திருந்தன. பெருமையாகத் திரும்பினால், மாடிக் கதவைத் திறந்துவிட வந்த செல்வராணி தண்ணீர்த் தொட்டி ஓரம் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார். நான் பதறிப்போய் என்னம்மா என்றேன். “தண்ணி ஊத்தப் போறேன்னு சொன்னா அந்தப் பத்து நிமிசம் அவரு என்னையக் கூப்புட மாட்டாரு. அழுகணும்னாலும் இங்க வந்துதான் அழுவேன். இனி என்னத்தண்ணே சொல்லிட்டு மேல வாரது?”

பழுது

புருஷனிடம் மனசைத் திறந்து சொல்லலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். தனக்காக அவர் ஆசையாகப் போடச் சொன்னதை எப்படி வேண்டாம் என்பது என்றார். இரண்டு மாதம் அந்தப் பெண் எங்கே அழுதார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. டைமரைக் கழற்றினேன்.

கீழே இறங்கி, கட்டிலருகே நின்று, “மெஷின் பழுதாயிருச்சு தம்பி, இனி கையாலதான் ஊத்தணும்” என்றேன். தங்கராசு இடது கையால் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னார்: “நல்ல சாமானாப் பாத்துப் போட்டிருக்கக் கூடாதாண்ணே? பாவம், இவ மறுபடியும் படியேறணும்ல.”

ஒரு நாள்கூட மக்கர் செய்யாத அந்த டைமரைப் பையில் போட்டுக்கொண்டு, மட்டமான சாமான் மாட்டியவன் என்ற பெயரோடு வெளியே வந்ததுதான், அந்த வீட்டில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை.